தூங்குவதற்குக் கேபின் இல்லையா?

கேள்வி: கணவர், நான், 8 வயது மகன், 5 வயது மகள், மாமியார் என ஐந்து பேரும் ஏழு இரவுக் கப்பல் பயணம் போய் வந்தோம். அத்தைக்கு 68 வயது. பேரப்பிள்ளைகளோடு சந்தோஷமாக இருப்பார் என்றுதான் அழைத்துப் போனோம். எங்களுக்குப் பால்கனி கேபின், எதிரே ஜன்னல் இல்லாத கேபினில் அத்தையும் பிள்ளைகளும். மகள் தூக்கத்தில் உதைப்பாள், ஆனாலும் பாட்டியைக் கட்டிக்கொண்டுதான் படுப்பாள். கப்பல் கரைக்கே போகாத நாட்கள் மூன்று இருந்தன. அந்த மூன்று நாளும் அத்தை, பெரியவர்களுக்கு மட்டும் என்று மேல் டெக்கில் இருக்கும் அமைதியான இடத்துக்குப் பாஸ் வாங்கிக்கொண்டு காலையில் போனவர் சாயங்காலம்தான் வந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கப்பல் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். கேட்டதற்கு, அன்றைக்கே என் கணவர் கையில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். மகள் பாட்டி வேண்டும் என்று அழுததால் ஒருநாள் அங்கே தேடிப் போனேன். குழந்தைக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எட்டிப் பார்த்தால், காலை 11 மணிக்குக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறார். தூங்குவதற்குக் கேபின் இல்லையா? பேரப்பிள்ளைகளிடமிருந்து ஓடி ஒளிகிற மாதிரி நடந்துகொண்டாரே என்று கணவருக்கு மிகவும் வருத்தம். அடுத்த வருடமும் போகிறோம். அத்தையை அழைத்துப் போவதா? போனால், பாஸ் எல்லாம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவதா?

பதில்: இல்லை. அவருக்குக் கேபின் இல்லை.

ஏழு இரவும் அவர் படுத்தது பிள்ளைகளின் கேபினில். அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, பாஸுக்கும் பணத்துக்கும் தாவிவிட்டீர்கள். நான் அந்த வரியை விட்டு நகர்வதாக இல்லை.

இப்படிப்பட்ட கடிதம் எனக்குப் புதிதல்ல. ஒருவர் கல்யாண வீட்டை வைத்து எழுதுவார், ஒருவர் பிரசவத்தை வைத்து, இன்னொருவர் மகன் வீட்டுக்கு வந்து தங்கிய அம்மாவை வைத்து. 'அம்மா முன்னே மாதிரி இல்லை, ஒதுங்கிப் போகிறார்' என்று முடியும். இந்தக் கடிதங்களில் யார் எங்கே படுத்தார்கள் என்று முதலில் தேடுவேன். பாதி விஷயம் அங்கேயே கிடைத்துவிடும்.

ஜன்னல் இல்லாத உள் கேபின் என்பது பெரும்பாலான கப்பல்களில் 150 முதல் 180 சதுர அடி. குளியலறை, அலமாரி, கட்டில் எல்லாம் அதற்குள்தான். மூன்றாவது ஆளுக்குச் சுவரிலிருந்தோ மேலிருந்தோ இறக்கிவிடுகிற படுக்கை. உங்கள் மகன் அதில் ஏறிப் படுத்திருப்பான். கீழே, உதைக்கிற பேத்தியோடு பாட்டி. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்ததா இல்லையா என்பதே தெரியாது. சின்னவள் நடுராத்திரியில் பாத்ரூம் போக யாரை எழுப்பினாள்? மேலே படுத்தவன் தூக்கக் கலக்கத்தில் ஏணியில் இறங்கும்போது யார் எழுந்து பிடித்துக்கொண்டார்கள்? கப்பல் கொஞ்சம் ஆடிய இரவில், வயிற்றைப் பிரட்டுகிறது என்று அழுத பிள்ளையின் முதுகைத் தடவியது யார்? 68 வயதில் தூக்கம் அடிக்கடி அறுந்துபோகும். ஒருமுறை விழித்தால் மறுபடி கண்ணை மூட ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஏழு இரவு அப்படிப் படுத்தவர் காலை 11 மணிக்குத் தூங்குகிறார் என்றால், அதில் உங்களுக்குத் தெரியவேண்டியது அசதி. நீங்கள் பார்த்ததோ பணத்தை.

அந்தப் பால்கனியில் அத்தை ஒருநாளாவது உட்கார்ந்து கடலைப் பார்த்தாரா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஏன் இந்த ஏற்பாடு என்று எனக்குப் புரிகிறது. கப்பல் கட்டணத்தை ஆளுக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். ஆனால் அது கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கு. ஒருவர் மட்டும் ஒரு கேபின் எடுத்தால், பெரும்பாலான கப்பல்களில் இரண்டு பேருக்கான தொகையையோ அதற்குக் கிட்டத்தட்டவோ கட்டவேண்டும். அதே கேபினில் மூன்றாவது ஆளைச் சேர்த்தால் அவருக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஆகவே அத்தையையும் பிள்ளைகளையும் ஒன்றாகப் போட்டால் செலவு கட்டுப்படியாகும். உங்களுக்கு ஏழு இரவு தனிமையும் கிடைக்கும். ராத்திரி ஒரு ஷோ பார்க்கலாம், நிதானமாகச் சாப்பிடலாம், பிள்ளைகள் தூங்கினார்களா என்று கவலைப்பட வேண்டாம். இவ்வளவு வசதியும் யாருடைய தூக்கத்தைக் கொடுத்து வாங்கியது என்று உங்கள் வீட்டில் யாராவது யோசித்தீர்களா?

பகலுக்கு வருவோம். குடும்பங்கள் போகிற பெரிய கப்பல்களில் பெரும்பாலும் 3 வயதிலிருந்தே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிட்ஸ் கிளப் உண்டு. இரவு 10 மணி வரை பொதுவாகத் தனிக் கட்டணமும் கிடையாது. உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அதற்கான வயது. ஆனால் கடிதத்தில் கிட்ஸ் கிளப் என்ற பேச்சே இல்லை. பாட்டி இருக்கும்போது அது எதற்கு என்று விட்டிருப்பீர்கள். பாட்டி மூன்று பகல் கையைவிட்டுப் போனதும், எழுதி நியாயம் கேட்கும் அளவுக்குக் கோபம்.

காசு கொடுத்து அமைதியை வாங்குவதா என்று உங்களுக்குத் தோன்றலாம். அமைதியை விற்பது எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் கப்பல்காரர்கள் ஏன் விற்கிறார்கள் என்று பாருங்கள். 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில், கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 5,610 பயணிகள். எல்லாப் படுக்கையும் நிரம்பினால் சுமார் 7,600 பேர். உங்கள் கப்பல் அதைவிடச் சின்னதாகவே இருக்கட்டும். துறைமுகத்தில் நிற்கிற நாளில் பாதிப் பேர் ஊர் பார்க்க இறங்கிவிடுவார்கள். கரைக்குப் போகாத நாளில் அத்தனை பேரும் கப்பலில்தான். குளத்தைச் சுற்றி நாற்காலி பிடிக்க விடியற்காலையிலேயே துண்டு போட்டு வைப்பார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு, போட்டி அறிவிப்பு, தண்ணீர்ச் சறுக்கில் பிள்ளைகளின் கூச்சல். அத்தை எந்த மூன்று நாளைத் தேர்ந்தெடுத்தார் என்று கவனித்தீர்களா? சரியாக அந்த மூன்று நாட்களை. கரையில் இறங்கிய நாட்களில் உங்களோடுதான் சுற்றியிருக்கிறார். அப்போது அவர் பிள்ளைகளை விட்டு விலகினார் என்று ஒரு புகாரும் நீங்கள் எழுதவில்லையே. இப்படித் தேர்ந்தெடுத்தவரைப் பார்த்து ஓடி ஒளிந்தார் என்று சொல்ல உங்கள் கணவருக்கு எப்படி மனம் வந்தது? அவர் வருத்தப்படுகிறார் என்கிறீர்கள். வெட்கப்பட வேண்டும்.

அந்தப் பணத்துக்கும் வருகிறேன். 'கேட்டதற்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிக் கேட்டீர்கள்? அன்றைக்கே ஒரு தாய் மகன் கையில் பணத்தை எண்ணி வைக்கிறார் என்றால், கேட்ட விதம் எனக்குத் தெரிகிறது. மகனும் அதை வாங்கிக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று மறுத்திருந்தால் நீங்கள் எழுதாமல் இருந்திருக்க மாட்டீர்கள். பெற்ற தாய் கடைசியாக எப்போது தனக்கென்று இப்படி ஒரு செலவு செய்தார் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு நினைவில் இருக்காது. அந்தப் பணத்தை அவர் இந்த வாரமே அம்மா கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

என்னைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு வாழ்க்கை என்று பேசுகிறவள் அல்ல நான். பேரப்பிள்ளைகள் பாட்டி மடியில் வளரவேண்டும் என்று இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறவள். எதிர்த்து எழுதுகிற இளம் தாய்மார்களோடு சண்டையும் போடுகிறவள். அதனால்தான் சொல்கிறேன். பிள்ளைகளை வளர்ப்பது பெற்றவர்களின் கடமை. பாட்டி தன் ஆசையால் அதில் வந்து கை கொடுக்கிறார். அந்த ஆசையை நம்பி அவருக்கு ராத்திரி வேலையும் பகல் வேலையும் சேர்த்து ஒதுக்கிவிட்டு, அதற்குச் 'சந்தோஷமாக இருப்பார்' என்று பெயர் வைத்தால், ஆசையும் ஒருநாள் தீர்ந்துபோகும். உங்கள் மகள் பாட்டியைக் கட்டிக்கொண்டு படுப்பது அருமையான விஷயம். ஒரு நாள், இரண்டு நாள் படுக்கட்டும். ஏழு நாளும் அதுவே ஏற்பாடாகக் கூடாது.

அத்தை மீதும் ஒரு குறை சொல்வேன். முதல் இரவே 'எனக்குத் தூக்கம் வரவில்லை, பிள்ளையை உங்களோடு படுக்க வையுங்கள்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ரகசியமாகப் போய்ப் பாஸ் வாங்கியது சரியல்ல. ஆனால் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது, பணம் எண்ணப்பட்ட கதையிலிருந்து எனக்கு ஓரளவு தெரிகிறது. ஆகவே அதிகம் குறை சொல்ல மனம் வரவில்லை.

அத்தையை அழைத்துப் போவதா என்ற கேள்வியை உங்கள் வீட்டில் இனி யாரும் எடுக்காதீர்கள். அவர் வர விரும்புகிறாரா என்று அவரிடம் கேளுங்கள். வருகிறேன் என்றால், முதலில் படுக்கைக் கணக்கைப் போடுங்கள். பணம் இருந்தால் அவருக்குத் தனிக் கேபின். தனியாக வருகிறவர்களுக்கென்றே சிறிய கேபின் வைத்திருக்கும் கப்பல்கள் இருக்கின்றன. 2010-இல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் அப்படி 128 கேபின்கள் கட்டினார்கள். பிறகு வேறு நிறுவனங்களும் செய்தன. அவை சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் தேதி முடிவானதுமே பாருங்கள். நீங்கள் நால்வரும் ஒரே கேபினில் படுத்தால் நெருக்கடிதான். பெற்ற பிள்ளைகளின் உதையை நீங்களும் வாங்கிப் பாருங்கள். அவ்வளவு செலவு முடியாது என்றால், இதே இரண்டு கேபின் போதும். ஆட்களை மட்டும் மாற்றுங்கள். நீங்களும் அத்தையும் பால்கனி கேபினில், உங்கள் கணவர் பிள்ளைகளோடு எதிர்க் கேபினில். நடுவில் ஒரு நாள், இரண்டு நாள் மாறிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அப்படி இருந்தால் குடும்பம் ஒன்றும் கெட்டுப்போகாது.

பாஸைப் பொறுத்தவரை, வேண்டாம் என்று அவரிடம் சொல்கிற உரிமை உங்களுக்கு இல்லை. நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஆனால் முதலில் அந்தக் கப்பலில் கட்டணமில்லாத இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கார்னிவல் கப்பல்களில் 'செரினிட்டி' என்று ஒன்று உண்டு, 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ராயல் கரீபியன் கப்பல்களில் 'சோலேரியம்', 16 வயதிலிருந்து. இரண்டுக்கும் தனிக் காசு இல்லை. ஆனால் இலவசம் என்பதால் கூட்டம் வரும், நாற்காலிக்கு அலைய வேண்டியிருக்கும். பிரின்சஸ் நிறுவனம் 2006-இல் 'கிரவுன் பிரின்சஸ்' கப்பலில் தொடங்கிய 'சாங்க்சுவரி' காசு வாங்கும் வகை. நிழல், மெத்தை போட்ட சாய்வு நாற்காலி, குளிர்பானம் கொண்டுவந்து தர ஆள், வாசலில் ஒரு பணியாளர். இடம் கொஞ்சம்தான் என்பதால் கரைக்குப் போகாத நாட்களின் பாஸ் முதலில் தீரும். ஏறிய அன்றே கேட்டு வாங்கிவிட வேண்டும். நாள் கணக்கா, பயணம் முழுவதற்குமா, கட்டணத்தோடு சேவைத் தொகை சேருமா என்றும் கேளுங்கள். துறைமுகத்தில் நிற்கும் நாளில் எல்லா இடமும் அமைதியாகத்தான் இருக்கும், அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ஒரு நாளைக்காவது இரண்டு பாஸ் வாங்குங்கள், ஒன்று அத்தைக்கு, ஒன்று உங்கள் கணவருக்கு. பிள்ளைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்கினீர்கள், உங்கள் இருவருக்கும் ஒதுக்கினீர்கள். தாயும் மகனும் தனியாக உட்கார ஒரு மணி நேரம் யாரும் ஒதுக்கவில்லை. அவர் தூங்கினால் தூங்கட்டும், மகன் பக்கத்து நாற்காலியில் இருக்கட்டும்.

இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். அத்தையிடம் காட்ட வேண்டாம். யாரோ பத்திரிகையில் எழுதித்தான் மகனுக்கு உறைத்தது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் அவர் முன் உட்கார்ந்து, 'அத்தை, ராத்திரி உங்களுக்குத் தூக்கமே இல்லை, இல்லையா?' என்று கேளுங்கள். 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று அவர் சொன்னால் நம்பி எழுந்துவிடாதீர்கள், இரண்டாவது முறையும் கேளுங்கள்.