ஆல்ரவுண்டர் மகளை நீட் ரிப்பீட்டராக்க வேண்டுமா?

சேலத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஆஃப் ஸ்பின் போடுவாள், ஐந்தாவதாக இறங்கி அடிப்பாள். 19 வயதுக்குட்பட்டோர் மாநில அணியில் இரண்டு சீசன் ஆடியிருக்கிறாள். நீட்டில் மார்க் வரவில்லை. 'இன்னொரு வருஷம் கோச்சிங்கில் போடு, இல்லாவிட்டால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங் சேர்த்துவிடு' என்று பெரியப்பா வீட்டில் நெருக்குகிறார்களாம்.

பெண் பிள்ளையின் எதிர்காலம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பெரியப்பா சொல்லும் வழி சரியில்லை. கோச்சிங் ஹாஸ்டலில் ஒரு வருஷம் என்றால் பந்தைத் தொடாத ஒரு வருஷம். 19-லிருந்து 23 வயதுப் பிரிவுக்கும் சீனியர் அணிக்கும் ஏற வேண்டிய நேரத்தில் அந்த இடத்தை வேறொரு பெண் பிடித்துவிடுவாள். அவள் கேட்காத படிப்புக்காக நகையை அடகு வைக்காதீர்கள். உள்ளூர்க் கல்லூரியில், விளையாட்டு ஒதுக்கீடு கிடைத்தால் அதிலேயே, பி.காம் சேருங்கள். பட்டம் அவசியம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

டபிள்யூபிஎல் (பெண்கள் பிரீமியர் லீக்) ஏலத்தையோ இந்திய அணியையோ நம்பிக் குடும்பக் கணக்குப் போட முடியாது. பலரும் கவனிக்காத வழி ரயில்வே விளையாட்டு ஒதுக்கீடு, அதாவது விளையாடுகிறவர்களுக்கு ரயில்வே தரும் வேலை. ஸ்நே ராணாவைப் பாருங்கள். 2014-ல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கிய ஆஃப் ஸ்பின் ஆல்ரவுண்டர். 2016-ல் முழங்கால் காயத்தோடு அணியை விட்டுப் போனவர், ரயில்வே அணிக்கு ஆடிக்கொண்டே இருந்தார். 2021-ல் பிரிஸ்டலில் தன் முதல் டெஸ்ட்டில் 4 விக்கெட் எடுத்து, ஆட்டமிழக்காமல் 80 ரன் அடித்து இந்தியாவைத் தோல்வியிலிருந்து காப்பாற்றினார். 2024-ல் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 77 ரன்னுக்கு 8 விக்கெட். நடுவில் போன ஐந்து வருஷத்தை மாதச் சம்பளமும் தினசரிப் பயிற்சியும் இல்லாமல் எத்தனை பேரால் தாண்ட முடியும்? இந்தியாவுக்கு ஆடிய சென்னையின் ஹேமலதாவும் தமிழ்நாட்டு அணிக்கு ஆடிவிட்டு ரயில்வேக்குப் போனவர்தான்.

தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) போன்றவை தனித்தனியாக அறிவிப்பு வெளியிடும். பெண்கள் கிரிக்கெட் எல்லா வருஷமும் இருக்காது. இருந்தால் ஸ்பின்னர், ஆல்ரவுண்டர் என்று எந்த இடம் காலி என்பதும் போட்டிருக்கும். வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. பிளஸ் டூவும் அதற்குக் கேட்கும் விளையாட்டுச் சாதனையும் இருந்தால் சம்பள நிலையில் லெவல் 2, 3. லெவல் 2-ல் அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய், படிகள் தனி. பட்டமும் அதற்குக் கேட்கும் பெரிய விளையாட்டுச் சாதனையும் இருந்தால் லெவல் 4, 5-க்கும் போடலாம். அதற்குத்தான் பி.காம். மொத்தம் 100 மதிப்பெண்: ட்ரையலுக்கு (மைதானத்தில் நடக்கும் திறன் தேர்வு) 40, விளையாட்டுச் சாதனைக்கு 50, படிப்புக்கு 10. ட்ரையலில் 25 எடுக்காவிட்டால் மற்றதைப் பார்க்கவே மாட்டார்கள்.

பெரும்பாலும் சறுக்குவது சான்றிதழில்தான். நடப்பு நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டும்தான் கணக்கு. பள்ளியில் வாங்கிய பழைய கோப்பைகள் உதவாது. தனியார் 'ஆல் இந்தியா' டோர்னமென்ட் சான்றிதழும் செல்லாது. அவற்றுக்கு இனி நுழைவுக் கட்டணம் கட்டாதீர்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் சரிபார்ப்பில் மாட்டும். ஆதார், மார்க் ஷீட், மாநிலச் சங்கச் சான்றிதழ் மூன்றிலும் பெயரை இப்போதே ஒரே மாதிரி ஆக்குங்கள். விண்ணப்பக் கட்டணம் பெண்களுக்கு 250 ரூபாய். ட்ரையலுக்குப் போனால் வங்கிப் பிடித்தம் போகத் திரும்ப வரும்.

ட்ரையலில் பேட்டிங், பந்துவீச்சு இரண்டையும் அரைகுறையாகக் காட்டினால் தேறாது. பேட்டிங்கே இல்லாவிட்டாலும் பந்துவீச்சுக்காக மட்டுமே அணியில் இருப்பாளா என்று கோச்சிடம் நேராகக் கேளுங்கள். இல்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பையன்களோடு வலையில் ஆடுகிறாள் என்றால் பந்தையும் கவனியுங்கள். ஆண்கள் பந்து 156 கிராமுக்குக் குறையாது, பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம். கனத்த பந்திலேயே பழகிய விரல், மேட்ச் பந்தில் பந்து விழ வேண்டிய நீளம் தவறும். சொந்தமாக நாலு பந்து வாங்கிக் கொடுங்கள்.

ஒரு குறையும் உண்டு. உள்நாட்டுப் பெண்கள் கிரிக்கெட்டில் ரயில்வே மிக பலமான அணி. வேலை கிடைத்தும் பெஞ்சில் உட்கார நேரலாம். மாநில அணியில் நிலையான இடம் இருந்தால் 22 வயதுவரை அங்கேயே ஆடட்டும்.

இதையெல்லாம் அவளை உட்காரவைத்துச் சொல்லுங்கள், பெரியப்பா இல்லாத நேரத்தில். அவளே நீட்தான் வேண்டும் என்றால் படிக்கட்டும். கிரிக்கெட் என்றால், சான்றிதழ் ஃபைலை இந்த வாரமே எடுத்து வைத்துத் தேதிகளைப் பாருங்கள்.