பெரிய கோயில் அருகே கைவினைக் கடை: திண்ணையை இடிக்கலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்கு அருகே நூறாண்டு பழமையான வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு எடுத்து, தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, தஞ்சாவூர் ஓவியம் விற்கும் கடை திறக்கவிருக்கிறேன். வீடு மூன்று சகோதரர்களுக்குப் பொது. மற்ற இருவரும் வெளிநாட்டில் இருப்பதால் மூத்தவர் மட்டும் கையெழுத்திடுவாராம். 11 மாத ஒப்பந்தம், 5 லட்ச ரூபாய் முன்பணம். திண்ணையை இடித்து அறையாக்கி ஷட்டர் போட்டுக்கொள்ளலாம், செலவு என்னுடையது என்கிறார். பரணில் உள்ள பழைய வெண்கலச் சிலைகளையும் விற்றுத் தரச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணமும் வேண்டாம், கடப்பாறையும் வேண்டாம்.

முதலில் அந்தத் திண்ணை. பெரிய கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கோபுரத்திலிருந்து அளந்து பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அளக்க வேண்டியது அறிவிக்கப்பட்ட எல்லையிலிருந்து. எனவே வீட்டின் சர்வே எண்ணைக் கொடுத்து, அது எந்தப் பகுதியில் வருகிறது என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்.

100 மீட்டருக்குள் இருந்தால் புதிய கட்டுமானம் கூடாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடத்தில் பழுதுபார்ப்பும் சீரமைப்பும் செய்யலாம். அதற்கும் முன் அனுமதி வேண்டும். ஓடு மாற்றுவது, பூச்சு வேலை, உள்ளே சிறு மாற்றம் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்க வழியுண்டு. திண்ணையை அறையாக்குவதும் மாடியில் ஒரு கொட்டகை எழுப்புவதும் கட்டடத்தை விரிவாக்குவதாகவே பார்க்கப்படும். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலையைச் செய்வித்தவர் நீங்கள் என்பதால் முதலில் தேடி வருவது உங்களைத்தான். என் யோசனை, திண்ணை அப்படியே இருக்கட்டும். தலையாட்டி பொம்மைக்கு அதைவிட நல்ல காட்சிமேடை ஷட்டருக்குள் கிடைக்காது.

இந்த அனுமதிக்கான விண்ணப்பத்தை, அனுமதி தரும் தகுதிபெற்ற அதிகாரி 15 நாட்களில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு இரண்டு மாதம், அதன் பரிந்துரை வந்தபின் அதிகாரிக்கு ஒரு மாதம். தாமதமே இல்லாவிட்டாலும் மூன்றரை மாதம் ஓடிவிடும். 11 மாத ஒப்பந்தத்தில் மீதி எவ்வளவு என்று நீங்களே கணக்கிடுங்கள். உங்கள் செலவில் புதுப்பித்த இடத்தை அடுத்த தீபாவளிக்குள் அவர் வேறொருவருக்கு அதிக வாடகைக்கு விடலாம்.

ஆகவே ஐந்து ஆண்டுக் குத்தகை கேளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்தே ஆக வேண்டும். அதைத் தவிர்க்கவே 11 மாதம் என்கிறார்கள். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் அதன் பதிவையும் கேட்கிறது. 11 மாதம் என்று எழுதினால் அதிலிருந்து தப்ப முடியாது. அனுமதி கிடைத்த நாளிலிருந்தே வாடகை தொடங்கும், கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்ற இரண்டு வரிகள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கூரை, சுவர், உத்தரம் போன்ற பெரிய பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். அவர் பொறுப்பேற்ற பழுதை அறிவிப்பு கொடுத்தும் சரிசெய்யாவிட்டால், நீங்களே செய்து வாடகையில் கழிக்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடமளிக்கிறது.

மூத்தவரின் கையெழுத்து தம்பிகளின் பங்கைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பொது அதிகாரப் பத்திரம் அனுப்பட்டும். இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். வில்லங்கச் சான்றும் பட்டாவும் பாருங்கள். கோயில் நகரங்களில் வீடு இவர்களுடையது, அடிமனை கோயிலுடையது என்ற நிலை சாதாரணம். அப்படியானால் அறநிலையத் துறையிடம் விசாரிக்காமல் அடியெடுத்து வைக்காதீர்கள்.

மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றுங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் இருமடங்கு கட்டணம் விதிப்பார்கள். மாநகராட்சித் தொழில் உரிமம் அவசியம்; பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்ச ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். நீங்கள் சொன்ன மூன்று பொருள்களும் புவிசார் குறியீடு பெற்றவை. வேறு ஊர்ச் சரக்கைத் ‘தஞ்சாவூர்’ என்று பெயர் ஒட்டி விற்பது குற்றம். கைவினைஞர்களிடம் நேரடியாக வாங்கி ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

பரண் சிலைகள் கடைக்குள் வரவே கூடாது. நூறாண்டுக்கு மேற்பட்ட சிலை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வணிகம் செய்ய முடியாது. பதிவுச் சான்று இருக்கிறதா என்று மட்டும் மூத்தவரிடம் கேளுங்கள். இல்லை என்றால், தமிழகத்தில் சிலைக் கடத்தலுக்கென்றே தனிக் காவல் பிரிவு இருப்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.