மரக்கடைக்காரர் ஏன் வரவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சான் ஹோசேயில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் இங்குள்ள ஒரு கார்டு ரூமில், அதாவது காசு வைத்துச் சீட்டாடும் இடத்தில், 1-3 டாலர் நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர் ஆடுவது வழக்கம் (கட்டாயப் பந்தயம் 1, 3 டாலர்; அதற்கு மேல் கையில் உள்ள எவ்வளவையும் கட்டலாம்). இரண்டு வருடம் கையில் காசு நின்றது. இப்போது அதே டேபிளில் ஆறேழு பேர் ஹெட்போனும் தொப்பியுமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். போன மாதம் மரக்கடை வைத்திருக்கும் ஒருவர், முதல் சுற்றிலேயே எதிராளி ஆல்-இன் (மொத்தப் பணத்தையும் கட்டுவது) போனதற்கு, 9-7 என்ற சுமாரான சீட்டை வைத்துக்கொண்டு காசு கட்டினார். கடைசிச் சீட்டில் ஏழு வந்து, எதிராளியின் ஏஸ்-கிங் என்ற நல்ல சீட்டை ஜெயித்துவிட்டார். தோற்றவர் பத்து நிமிடம் அவருக்குப் பாடம் நடத்தினார். அப்புறம் கடைக்காரர் வரவே இல்லை. இப்போது பை-இன் (உட்காரும்போது கொண்டுவரும் பணம்) உச்சவரம்பை 300 டாலரிலிருந்து 1,000 ஆக்கச் சொல்லி ரெகுலர்கள், அதாவது வழக்கமாக ஆடுகிறவர்கள், மேனேஜரிடம் கேட்கப் போகிறார்கள். நானும் சேரலாமா? ஓர் ஆட்டம் பல வருடம் லாபமாக ஓட என்ன வேண்டும்?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

சேராதீர்கள். உங்கள் டேபிள் இத்தனை நாள் நின்றதற்கு அந்த 300 டாலர் வரம்பு ஒரு முக்கியமான காரணம்.

2003க்கு முன் அமெரிக்கக் கார்டு ரூம்களில் பெரும்பாலும் லிமிட் ஹோல்டெம்தான் ஓடியது. ஒவ்வொரு சுற்றிலும் இவ்வளவுதான் கட்டலாம் என்று கணக்கு உண்டு. நோ-லிமிட் பண ஆட்டம் அபூர்வம். சுமாராக ஆடுகிறவர் அதில் ஒரே கையில் (ஒரு தடவை சீட்டுப் போட்டு முடியும் ஆட்டத்தில்) மொத்தத்தையும் விட்டுவிடுவார், நாலு வாரத்தில் ஆளைக் காணோம். லிமிட்டில் அதே ஆள் மெதுவாகத் தோற்பார், நடுநடுவே ஜெயிப்பார், வருடக்கணக்கில் வருவார். 2003இல் டென்னஸிக்காரரான கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் 86 டாலர் ஆன்லைன் போட்டி வழியாக போக்கர் உலகத் தொடருக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். அதை டிவியில் பார்த்தவர்கள் எல்லோரும் நோ-லிமிட்தான் வேண்டும் என்று வந்தார்கள். கார்டு ரூம்களும் கொடுத்தன, பை-இன்னுக்கு ஒரு வரம்பு வைத்து. கையில் நிறைய சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) இருந்தால் திறமைக்காரருக்குச் சாதகம் கூடும். வரம்பை 1,000 ஆக்கினால், 300 டாலரோடு வருகிறவருக்கு இது தன் டேபிள் இல்லை என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்போது அந்த 9-7. ஏஸ்-கிங்குக்கு எதிராக அது பத்தில் ஏறக்குறைய நாலு தடவை ஜெயிக்கும். கடைக்காரரை அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவைப்பது அந்த நாலுதான். செஸ் கிராண்ட்மாஸ்டரிடம் வாராவாரம் காசு வைத்துத் தோற்க யார் வருவார்கள்? அன்றைக்கு அந்த மனிதர் சிப்ஸை அள்ளி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், எதிரே இருந்தவர் அவர் முட்டாள் என்று எல்லோர் முன்னாலும் நிரூபித்துக்கொண்டிருந்தார். எனக்கு இதில் கோபமே வருகிறது. வாரம் முழுக்கக் கடையைப் பார்த்துவிட்டு நாலு பேரோடு பேசிச் சிரிக்க வந்தவர் அவர். அதற்காகக் கொஞ்சம் தோற்கவும் தயாராக இருந்தார். 'நல்லா ஆடினீங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த கையைப் பார்த்திருக்கலாம். நீங்களாவது ஹெட்போனைக் கழற்றுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். சீட்டு சரியில்லை என்றால் சட்டென்று கீழே போட்டு அந்தக் கையிலிருந்து விலகுங்கள். நேரில் ஆடும்போது மணிக்கு முப்பது கை வந்தாலே பெரிது. ஆளுக்கு ஒரு நிமிடம் முறைத்துக்கொண்டிருந்தால் அதுவும் வராது, பொழுதுபோக்க வந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போவார்.

மேனேஜரிடம் ஏதாவது கேட்பதென்றால் ரேக்கை, அதாவது கார்டு ரூம் எடுக்கும் பங்கை, பற்றிக் கேளுங்கள். நெவாடாவில், ஒரு கையில் நடுவில் சேரும் பணத்தில் பத்து சதவீதம் வரை எடுக்கலாம். கலிஃபோர்னியாவில் சதவீதமாக எடுக்க முடியாது, கைக்கு இவ்வளவு என்று கட்டணம். அதனால் நடுவில் கொஞ்சம் பணமே சேர்ந்தாலும் அதே அடி விழுகிறது. ஜாக்பாட் பரிசுக்கு எடுப்பதையும் சேர்த்துக் கைக்கு 6 டாலர், மணிக்கு 25 கை என்று வையுங்கள். ஆறு மணி நேரத்தில் 900 டாலர். ஒன்பது பேரும் 300 வைத்து உட்கார்ந்தால் டேபிளில் இருப்பதே 2,700. மூன்றில் ஒரு பங்கு டீலர் பக்கத்துப் பெட்டிக்குள் போய்விட்டது, டிப்ஸ் தனி. ரெகுலர்கள் மட்டும் ஒருவரோடு ஒருவர் ஆடினால் எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் பெட்டியிடம் தோற்கிறார்கள். ஆள் குறைவாக இருக்கும்போதாவது கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி ஏழு பேரும் ஒன்றாகக் கேட்டால், கேட்பதில் ஓர் அர்த்தம் இருக்கும்.

பெரிய இடத்திலும் கதை இதுதான். 2001 முதல் 2006 வரை டல்லஸ் வங்கிக்காரர் ஆண்டி பீல் லாஸ் வேகஸ் வந்து ஆடியபோது, டாயில் பிரன்சன் உள்ளிட்ட முன்னணி ஆட்டக்காரர்கள் பணத்தை ஒன்றாகப் போட்டு, ஆள் மாற்றி ஆள் அவரோடு ஆடினார்கள். 2006 பிப்ரவரியில் அவர்களில் ஒருவரான பில் ஐவியிடம் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் இழந்து பீல் எழுந்தார். அதோடு அந்த ஆட்டமும் பல வருடம் நின்றுபோனது.

தோற்கிறவர் தாங்கக்கூடியதைத்தான் தோற்கிறாரா என்றும் பாருங்கள். வாடகைப் பணத்தோடு வந்திருக்கிறார் என்று தெரிந்தால் அவருக்குச் சிப்ஸ் கடன் கொடுக்காதீர்கள், கிளம்பச் சொல்லுங்கள். அது லாபத்துக்காகச் சொல்வதல்ல.

கார்டு ரூம் சரிவராவிட்டால் வீட்டில் சின்ன ஆட்டமாக ஆரம்பிக்கலாம். நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒரு டாலர்கூட எடுக்காதீர்கள், உங்கள் மாநிலத்தில் அது குற்றம். சாப்பாட்டுச் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள். முதல் ஆளாக அந்த மரக்கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.