தமிழில் கட்டுரை எழுதவும் பைத்தான் எழுதவும் ஒரே எடிட்டர் போதுமா? எதை எடுக்கலாம்?

போதும். நான் இரண்டையும் ஈமாக்ஸில்தான் செய்கிறேன். ஆனால் கட்டுரைகளை வேர்டிலும் பைத்தானை அதோடு கூடவே வரும் ஐடிஎல்இ எடிட்டரிலும் எழுதுவதாகச் சொல்லும் உங்களுக்கு, முதலில் மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடைத்தான் சொல்வேன்.

நிரல் எழுதும் வசதியை வைத்து எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை வெளியிட்டது, எடிட்டரும் நிரல்மொழிக் கருவியும் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறை அது. வரியைத் தானாக நிரப்புவது, பிழையைச் சுட்டுவது, ஒரு ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டுவது எல்லாம் இப்போது எடிட்டருக்கு வெளியே தனி சர்வராக ஓடுகின்றன. விம், ஈமாக்ஸ், கேட், சப்ளைம் எதுவாக இருந்தாலும் அதே பைத்தான் சர்வரோடு பேசலாம். சிலவற்றில் பிளக்இன் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதனால் எது தமிழை ஒழுங்காகக் கையாள்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

அதைச் சோதிக்க ஒரு பத்தி போதும். கொ, கௌ, ஸ்ரீ எல்லாம் வருகிற பத்தியாகப் பார்த்து ஒட்டுங்கள். கர்சர் எழுத்தின் நடுவில் போய் நிற்கிறதா? 'கொ' மேல் பேக்ஸ்பேஸ் தட்டினால் உயிர்க்குறி மட்டும் போகிறதா, முழு எழுத்தும் போகிறதா? எனக்கு உயிர்க்குறி மட்டும் போவதுதான் பிடிக்கும், கெ-யைக் கே ஆக்குவது தமிழில் அடிக்கடி வரும் திருத்தம். அப்புறம் தேடல். 'கொ'-வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காமல் போகலாம். வெவ்வேறு கீபோர்டுகளில் அடித்த கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு இது பெரிய தலைவலி. உங்களுக்குப் பைத்தான் தெரியும் என்பதால் வழி சுலபம்: யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியீடாகச் சேர்க்கும் வடிவம்) கொடுத்து எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை சீராக்கிவிடுங்கள்.

விம் அருமையான கருவி. பிராம் மூலனார் 1991-ல் வெளியிட்டு, 2023-ல் இறக்கும்வரை அதைப் பராமரித்தார். ஆனால் அது பெரும்பாலும் ஓடுவது டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், டெர்மினல் என்பது சம அளவுக் கட்டங்கள். எழுத்தின் இரு பக்கமும் குறி விழும் 'கொ'-வை அந்தக் கட்டங்களுக்குள் அடக்கப் பல டெர்மினல்கள் திணறும். சிஸ்டத்தில் தமிழ் கீபோர்டு ஆனில் இருந்தால் விசைகளைக் கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும் நார்மல் மோடில் கட்டளைகளும் வேலை செய்யாது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று விம்முக்குள்ளேயே சொல்லும் கீமேப் வசதி இதைச் சரிசெய்யும், அது உரை அடிக்கும் இன்சர்ட் மோடில் மட்டும் தமிழைக் கொண்டுவரும். கன்ட்ரோலும் ^ விசையும் சேர்த்துத் தட்டினால் மாறும். ஆனால் விம்மோடு நெடுநாளாக வரும் தமிழ் கீமேப், யூனிகோடுக்கு முன் புழங்கிய டிஸ்கி குறியாக்கத்துக்கானது, யூனிகோடுக்கு நீங்களே ஒன்று எழுதிக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

ஈமாக்ஸில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ் உள்ளீட்டு முறைகள் உள்ளேயே இருக்கின்றன. கன்ட்ரோலும் பின்சாய்கோடும் தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம். தமிழில் இருக்கும்போதும் கட்டளை விசைகள் மாறாது. 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளையும் குறிகளையும் சரியாகச் சேர்த்துக் காட்ட ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துவதால், தனிச் சாளரத்தில் திறந்தால் தமிழ் அழகாக விழும். கட்டுரையின் பகுதிகளை மடித்து வைக்க, இடம் மாற்ற, ஈமாக்ஸின் ஆர்க் மோடுக்கு இணையாக எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பழகச் சில வாரங்கள் ஆகும், அதுவும் தினமும் உட்கார்ந்தால்தான். வேலைக்கு நடுவில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் விஎஸ் கோட். இன்றே நிறுவி இன்றே பைத்தான் எழுதலாம். இரண்டு செட்டிங் மட்டும் உடனே மாற்றுங்கள். எழுத்துருப் பட்டியலில் உங்கள் கோடிங் எழுத்துருவுக்குப் பின்னால் நோட்டோ சான்ஸ் தமிழைச் சேருங்கள், இல்லாவிட்டால் கையில் கிடைக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு வந்து உட்காரும். வேர்ட் ராப்பை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு பத்தி முழுதும் ஒரே வரியாக வலப்பக்கம் ஓடும்.

எதை எடுத்தாலும் கட்டுரைகளை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில், சாதா உரைக்கோப்பாக அல்லது மார்க்டவுனாக (தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் உரைக்கோப்பு) வையுங்கள். கிட்ஹப் உருவாக்கிய ஆட்டம் எடிட்டரை எத்தனையோ பேர் நம்பியிருந்தார்கள், 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதில் எழுதியவர்களின் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு எடிட்டரில் அப்படியே திறந்துகொண்டார்கள். கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் போட்டு வைத்தால் கட்டுரையில் எந்தச் சொல்லை மாற்றினீர்கள் என்பதுகூடத் தெரியும், டிஃப் கட்டளையோடு வேர்ட்-டிஃப் சேர்த்தால் சொல் சொல்லாகக் காட்டும்.

மடிக்கணினி பழையது, ரேம் 4 ஜிபிதான் என்றால் மட்டும் என் பதில் மாறும். விஎஸ் கோட் எலக்ட்ரான் மேல் கட்டியது, உள்ளே குரோமியம் என்ற ஒரு முழு உலாவியே ஓடுகிறது, அதனால் ரேம் நிறைய வேண்டும். அப்படியானால் கேட் எடுங்கள். விண்டோஸிலும் கிடைக்கிறது, இலவசம், லேங்குவேஜ் சர்வர் வசதியும் உண்டு.