ஹோண்டா எஸ்2000: ஏபி1 வாங்குவதா, ஏபி2 வாங்குவதா?

மொரிசியஸில் ஓட்டுவதற்குப் பழைய எஸ்2000 (ஹோண்டாவின் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைத் தேடுகிறேன், இரண்டு தலைமுறைகளில் எது மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது முதல் தலைமுறையான ஏபி1. மச்சானிடம் அடுத்ததான ஏபி2. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஜப்பானில் 1999இல் வந்த ஏபி1இன் எஞ்சின் 2.0 லிட்டர். டர்போ கிடையாது, ஆனாலும் 250 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9000 சுழற்சி வரை போகும். 2005 இறுதியில் அங்கே வந்த ஏபி2இல் பிஸ்டன் வீச்சை (அது மேலும் கீழும் போய்வரும் தூரத்தை) 84 மில்லிமீட்டரிலிருந்து 90.7ஆக நீட்டி 2.2 லிட்டர் ஆக்கினார்கள். வீச்சு நீண்டால் பிஸ்டனின் வேகமும் கூடுமல்லவா? அதனால் உச்ச வரம்பு 8000க்கு இறங்கியது, திறன் 242. இந்த எட்டுக் குதிரைகளுக்காகப் புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அது வீண் புலம்பலாகவே படுகிறது.

க்யூர்பிப் மேட்டில் இருவரும் ஏறும்போது மச்சான் மூன்றாம் கியரிலேயே போய்விடுகிறார். நான் இரண்டாவதுக்கு இறக்கியாக வேண்டும். ஆறாயிரம் சுழற்சிக்குக் கீழே என் கார் வெறும் சாது. அதைத் தாண்டி விடெக் (உயர் சுழற்சியில் வால்வுகளை இன்னும் அகலத் திறக்கும் ஹோண்டாவின் அமைப்பு) விழித்துக்கொண்டால் வரும் அலறலுக்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் கியரில் 9000ஐத் தொடும்போதே வேகம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையின் வரம்பும் அதுதான்! மீதி நான்கு கியர்களும் பெட்ரோல் சேமிக்க மட்டுமே.

எஞ்சினைவிட முக்கியம் பின்சக்கரத் தொங்கல் அமைப்பு (சஸ்பென்ஷன்). ஆரம்பகால ஏபி1இல் வளைவின் நடுவே ஒரு மேடு வந்தால் பின்சக்கரங்களின் கோணம் சற்று மாறும்; வால் பக்கம் விலகப் பார்க்கும். கரும்பு வெட்டுக் காலத்தில் லாரிகள் சாலையில் சேற்றையும் தோகையையும் உதிர்த்துக்கொண்டு போவது உங்களுக்குத் தெரிந்ததே. அப்படி ஒரு நாள், தூறலில், ரவுண்டானாவில் அவசரப்பட்டு மிதித்தேன். கார் வந்த வழியைப் பார்த்து நின்றது. தப்பு என் காலுடையது. ஆனால் ஏபி2 அந்த அவசரத்தைக் கொஞ்சம் பொறுத்திருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பானில் 2003 இறுதி முதல் 2005 வரை விற்ற கார்களின் சேசிஸ் எண் ஏபி1 என்றே தொடங்கும். எஞ்சினும் அதே 9000 சுழற்சி எஞ்சின். ஆனால் திருத்திய தொங்கல் அமைப்பும் 17 அங்குலச் சக்கரங்களும் வந்துவிட்டன. அப்படி ஒன்று கிடைத்தால் என் காரை விற்றுவிட்டு நானே வாங்குவேன். கிடைக்காவிட்டால், தினமும் ஓட்டப் போகிறவருக்கு ஏபி2.

எதுவானாலும் காரைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கடலோரத்தில் நின்ற கார் மேலே மின்னும், கீழே உப்பு தின்றிருக்கும். மிகப் பழைய ஏபி1 என்றால் கூரையின் பின்கண்ணாடி பிளாஸ்டிக். நம் வெயிலில் மஞ்சளாகிப்போன கூரையை மாற்றும் செலவையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.