நிலத்தை அடகு வைக்கும் முன் ஒரு 68 நிமிடக் கணக்கு

சென்ற வாரம் முசிறிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் படிப்பு ஆலோசகரான என்னைப் பார்க்க வந்திருந்தது. வாழை விவசாயியான தந்தை, அதிகம் பேசாத தாய், ப்ளஸ் டூ முடித்த மகள், மூவருக்கும் சேர்த்துப் பேசிய சித்தப்பா. இரண்டாண்டுகளுக்கு முன் தாத்தாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டது முதல், பேத்தி யூராலஜிஸ்ட் (சிறுநீரியல் நிபுணர்) ஆக வேண்டும் என்பது வீட்டின் முடிவாகிவிட்டது. நீட் மதிப்பெண் அரசு இடத்துக்குப் போதவில்லை. சித்தப்பாவுக்குத் தெரிந்த முகவர் ஒருவர், வெளிநாட்டில் 38 லட்சத்துக்கு எம்.பி.பி.எஸ். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆற்றுப்பாசனத்தில் இருக்கும் இரண்டு ஏக்கரை அடகு வைப்பதா, விற்பதா என்பது மட்டுமே அவர்கள் என்னிடம் கேட்க வந்த கேள்வி.

அன்று தாயாரின் கண் கலங்கியதால் ஆறுதலாகச் சிலவற்றைச் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று பிறகு தோன்றியதால், ஐயா, இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் காலக் கணக்கு. வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள். அங்கே ஓராண்டு பயிற்சி. இந்தியா திரும்பி உரிமத் தேர்வில் தேறிய பின் இங்கும் ஓராண்டு பயிற்சி. அந்த உரிமத் தேர்வை எழுதுவோரில் பெரும்பான்மையினர் தேறுவதில்லை என்பதை முகவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். தேறினாலும் உங்கள் மகள் உடனே யூராலஜிஸ்ட் ஆகிவிடுவதில்லை. முதுநிலை நீட் எழுதி அறுவை சிகிச்சையில் எம்.எஸ். மூன்றாண்டு, மறுபடி ஒரு நுழைவுத்தேர்வு எழுதிச் சிறுநீரியலில் எம்.சி.ஹெச். என்ற உயர்சிறப்புப் படிப்பு மூன்றாண்டு. ஒரு தேர்விலும் தவறாமல், ஒரு நாளும் வீணாகாமல் போனாலும் உங்கள் மகளுக்கு முப்பது வயது தாண்டிவிடும். அதுவரை அந்த 38 லட்சத்துக்கு வட்டி கட்டப்போவது வாழைத்தாரா, சித்தப்பாவா? மருத்துவக் கனவையே நான் குறை சொல்லவில்லை. குடும்பத்துக்குச் சோறு போடும் நிலத்தைப் பணயம் வைத்து, மகள் கேட்காத ஒன்றை அவளுக்கு வாங்கித் தருவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

மகள் கேட்கவில்லை என்று ஏன் சொல்கிறேன்? நீங்களும் சித்தப்பாவும் வெளியே தேநீர் குடிக்கப் போயிருந்த கால் மணி நேரத்தில், தாத்தாவை ஸ்கேனுக்கு அழைத்துச் சென்ற நாளைப் பற்றி அவளிடம் கேட்டேன். அறுவைக்கூடத்தைப் பற்றியோ, மருத்துவரைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தாத்தாவுக்குச் சிரிஞ்சில் கொஞ்சம்தான் எடுத்தார்கள், அடுத்தவருக்கு அதைவிடக் கூடுதலாக எடுத்தார்கள், அது ஏன் சார்?" என்றாள். பிறகு அவளே, "அரை ஆயுட்காலம் காரணமாக இருக்குமோ?" என்றும் சேர்த்துக்கொண்டாள். கதிரியக்கப் பொருள் ஒன்று பாதியாகக் குறைய எடுக்கும் நேரமே அரை ஆயுட்காலம். இருபது ஆண்டுகளாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். தன் குடும்பத்தின் நோயை இயற்பியல் பாடத்தோடு சேர்த்துப் பார்த்த மாணவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அவள் பார்த்தது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். புராஸ்டேட் புற்றுச்செல்களின் மேற்பரப்பில் அந்தப் பெயருடைய புரதம் மிகுதியாக இருக்கும். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் சிறிய மூலக்கூறு ஒன்றில், கதிரியக்க உலோகமான காலியம்-68ஐப் பூட்டி ரத்தத்தில் செலுத்தினால், நோய் உடலில் எங்கெல்லாம் பரவியிருக்கிறதோ அங்கெல்லாம் படத்தில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த முறை இது. தீவிர வகைப் புராஸ்டேட் புற்று உள்ள 302 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், வழக்கமான சி.டி. ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 விழுக்காடு துல்லியம் காட்டிய இடத்தில் இது 92 விழுக்காடு காட்டியது. இன்றைய சிறுநீரியல் ஆராய்ச்சியில் பெரிய திருப்பங்களுள் ஒன்று கத்தி பிடிக்கும் அறையில் நிகழாமல், காரீயச் சுவர் வைத்த ஒரு சிறிய ஆய்வறையில் நிகழ்ந்திருக்கிறது. அந்த அறையில் வேலை செய்பவர்தான் அணு மருத்துவத் தொழில்நுட்பவியலாளர். நம் ஊரில் இப்படியொரு படிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது.

அவருடைய காலைப்பொழுது எப்படி இருக்கும் என்று விரிவாகவே சொல்கிறேன். ஆய்வறையில் கனமான கவசத்துக்குள் ஒரு ஜெனரேட்டர் இருக்கும். மின்சாரம் தரும் ஜெனரேட்டர் அல்ல. அதற்குள் இருக்கும் ஜெர்மானியம்-68 சுமார் 271 நாள் அரை ஆயுட்காலத்தில் மெல்லச் சிதைந்து, ஓயாமல் காலியத்தைச் சுரந்துகொண்டிருக்கும். நீர்த்த அமிலத்தை உள்ளே செலுத்தினால் காலியம் மட்டும் கரைந்து வெளிவரும். இதை மாடு கறப்பது என்றே அத்துறையினர் வேடிக்கையாகச் சொல்வார்கள், உங்களுக்கு எளிதில் விளங்கும்: காலையில் கறந்தால், நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ மறுபடி மடி நிறைந்துவிடும். கறந்ததை மூலக்கூறோடு கலந்து சூடாக்கி, சரியாகப் பூட்டிக்கொண்டதா, அமிலத்தன்மை சரியா, நுண்ணுயிர் கலக்கவில்லையா என்று சோதித்த பிறகே நோயாளிக்குத் தர முடியும்.

இத்தனையும் கடிகாரத்தைப் பார்த்தபடியே நடக்க வேண்டும், ஏனெனில் காலியம்-68இன் அரை ஆயுட்காலம் 68 நிமிடங்கள்தான். ஒரு நோயாளி பேருந்து தாமதத்தால் ஒரு மணி நேரம் பிந்தி வந்தால், அவருக்கென்று எடுத்துவைத்த மருந்தில் பாதிக்குச் சற்றே மேல்தான் உயிரோடு இருக்கும். அதே அளவு கதிரியக்கம் வேண்டுமென்றால் சிரிஞ்சில் கூடுதலாக எடுக்க வேண்டும். உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு விடை இதுதான், காரணத்தையும் அவளே சரியாக ஊகித்திருந்தாள். ஊசி போட்ட பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்து, சிறுநீர் கழிக்கச் சொல்லி, அதன் பிறகே படம் எடுப்பார்கள். மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதன் பிரகாசமே பக்கத்தில் இருக்கும் நோயை மறைத்துவிடும். படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது மருத்துவரின் வேலை. படிக்கத் தகுந்த படம் அவர் கைக்குக் கிடைப்பதோ தொழில்நுட்பவியலாளரின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது.

கண்டறிதலோடு இது நிற்கவில்லை. அதே வகை மூலக்கூறில் காலியத்துக்குப் பதிலாக லுட்டீஷியம்-177 என்ற வேறொரு கதிரியக்க உலோகத்தைப் பூட்டினால், சுமார் இரண்டு மில்லிமீட்டர் தொலைவு வரை மட்டுமே பாயும் கதிர் புற்றுச்செல்லை அருகிலிருந்தே தாக்கும். ஹார்மோன் மருந்துகளும் கீமோதெரபியும் கைவிட்ட 831 நோயாளிகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 11.3 மாதங்களாகவும், இம்மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுடையது 15.3 மாதங்களாகவும் இருந்தது. நான்கு மாதம்தானே என்று சித்தப்பா சொல்லக்கூடும். தாத்தாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 2022இல் இதற்கு ஒப்புதல் தந்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், 2025இல் கீமோதெரபிக்கு முந்திய கட்டத்துக்கும் அதை விரிவுபடுத்தியது. லுட்டீஷியத்தின் அரை ஆயுட்காலம் ஆறரை நாட்களுக்கு மேல் என்பதால் தொலைவிலிருந்தும் வரவழைக்கலாம். மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் அது நம் நாட்டிலேயே உற்பத்தியாகிறது. சிகிச்சை பெற்றவரின் சிறுநீரைத் தனித் தொட்டியில் தேக்கிக் கதிரியக்கம் தணிந்த பின்னரே வெளியேற்ற வேண்டும். அறையையும் துணியையும் அளந்து பார்க்க வேண்டும். இவையும் அந்தத் தொழில்நுட்பவியலாளரின் பொறுப்பில் வருபவை.

"பெண்பிள்ளை, கதிர்வீச்சு வேலை, நாளைக்குக் கல்யாணம், குழந்தை" என்று சித்தப்பா இழுத்ததும் என் காதில் விழுந்தது. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளர் ஒவ்வொருவரும் கதிர்வீச்சு அளவுமானியை அணிந்துதான் வேலை செய்ய வேண்டும். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஓராண்டிலும் 30க்கு மேல் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. கருவுற்ற பணியாளருக்கு இதைவிடக் கடுமையான வரம்பு உண்டு. கவசம், தூரம், குறைந்த நேரம் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்துப் பெண்கள் இத்துறையில் காலங்காலமாகப் பணியாற்றி வருகிறார்கள். இந்த அச்சத்தைக் காட்டி அவளைத் தடுப்பது நியாயமாகாது.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் வராது. தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. வேலை பெரும்பாலும் பெட் ஸ்கேன் இருக்கும் நகரங்களில்தான் கிடைக்கும், முசிறியில் கிடைக்காது. இளநிலைப் படிப்பு பொதுவாக மூன்றாண்டும் அதன்மேல் ஓராண்டு பயிற்சியும். அதோடு நிறுத்திக்கொண்டால் வளர்ச்சி ஓரிடத்தில் நின்றுவிடும் என்பதால், எம்.எஸ்ஸி. வரை போவதாக இருந்தால் மட்டுமே இதை நான் பரிந்துரைப்பேன். அதற்குப் பின் கதிர்மருந்து தயாரிப்பு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, ஆய்வுப் பணி என்று வழிகள் பிரியும். அப்படியே எம்.எஸ்ஸி. வரை எண்ணினாலும், வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் உரிமத் தேர்வில் தேறி இங்கே பயிற்சியில் இருக்கும் வயதில் இவள் வேலையில் இருப்பாள்.

கல்லூரி விஷயத்தில் ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: தன் வளாகத்திலேயே, உடலுக்குள் சென்ற கதிரியக்க மருந்தைப் படம்பிடிக்கும் காமா கேமராவும் பெட் கருவியும் இயங்காத நிறுவனம் எவ்வளவு குறைந்த கட்டணம் சொன்னாலும் சேர்க்காதீர்கள். சுவரொட்டி ஒட்டி ஆள் சேர்க்கும் ஆறுமாதச் சான்றிதழ்களும் வேண்டாம். புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் பட்டப்படிப்பு உண்டு, கர்நாடகத்தில் மணிப்பாலிலும் உண்டு. ஜிப்மர் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண்ணையே பார்க்கிறார்கள், எனவே எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போதாத அதே மதிப்பெண் இங்கே பயன்படக்கூடும். மூன்று நிறுவனங்களின் இந்த ஆண்டு விவரக்குறிப்பையும் மகளே பதிவிறக்கி, கட்டணப் பக்கத்தையும் கடைசித் தேதியையும் குறித்துக்கொண்டு வரட்டும்.

வரும் சனிக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். நிலப் பத்திரத்தின் நகலை இம்முறை எடுத்துவர வேண்டாம். முகவரிடம் முன்பணம் ஏதேனும் கொடுத்திருந்தால், அதற்கான ரசீதை மறவாமல் கொண்டுவாருங்கள். அதைத் திரும்பப் பெறும் வழியை முதலில் பேசிவிடுவோம்.