நாகரிகமாக ஒரு மனு

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு மாதமாக ஒரு இளைஞர் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். தனி ஆள். முடியை இடுப்பு வரை வளர்த்திருக்கிறார். காதில் ஜிமிக்கி, கண்ணில் மை. சில நாள் வேட்டி கட்டுகிறார், சில நாள் பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு கடைக்கு வருகிறார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலையாம். இதுவரை அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை, அது உண்மை. ஆனால் தெருவில் வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுக்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். சண்டை போடவில்லை, நாகரிகமாகத்தான் சொல்கிறோம். இதில் என்ன தவறு?
- ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: தவறுதான். பெரிய தவறு.

தொந்தரவு இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் அந்த மனுவில் எழுத என்ன இருக்கிறது? ஒருவர் குடித்துவிட்டுத் தெருவில் ரகளை செய்தால், நடுராத்திரியில் ஸ்பீக்கரை அலறவிட்டால், ஒரு பிள்ளையிடம் தப்பாக நடந்தால், மனுவெல்லாம் வேண்டாம், நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். வெள்ளை வேட்டி சட்டைக்காரர் செய்தாலும் அதுதான் வழி. இந்த இளைஞர் அப்படி எதுவும் செய்யவில்லை. உங்கள் கண்ணுக்குப் பழக்கமில்லாத மாதிரி இருக்கிறார், அவ்வளவுதான்.

பழக்கமில்லை என்பதைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. ஆடி மாதம் நம் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கிறது. அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடம் போட்டவர்கள் வருவார்கள். அம்மன் வேடத்தில் மையும் நகையும் பட்டுச் சேலையுமாக ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் காட்டுகிறோம், கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். நம் மாவட்டத்துக் கிராமங்களில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, திரௌபதியாக வந்து அழவைத்தவர் மீசையை மழித்துக்கொண்ட ஒரு ஆண் என்பது தெரியும். அமாவாசைக்குக் கஞ்சமலை சித்தர் கோயிலில் கூட்டம் நெரிகிறது. வீடு வாசல் வேண்டாம், ஊரார் வழக்கம் வேண்டாம் என்று மலையில் போய் வாழ்ந்தவர்களைத்தானே அங்கே கும்பிடுகிறோம்? சனி ஞாயிறில் ஏற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். சாயம் பூசிய முடி, கை நிறையப் பச்சை, என்ன உடை என்று சொல்லத் தெரியாத உடைகளெல்லாம் ஏரிக்கரையில் நடக்கின்றன. அங்கே யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. அறை வாடகை கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை இறங்கிப் போய்விடுவார்கள்.

ஆக, மேடையில் சரி, வண்டியில் சரி, கோயிலில் சரி, மலையில் சரி. அதே ஆள் நமக்குப் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டால், நாம் நிற்கும் கடையில் பால் பாக்கெட் வாங்கினால்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு ஊர் எவ்வளவு பெருந்தன்மையானது என்று பார்க்க நான் திருவிழாவுக்குப் போக மாட்டேன். வாடகை வீடு தேடி வருபவரிடம் என்ன கேட்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

நூறு வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்து ஆண்களில் பலர் முடி வளர்த்துக் குடுமி போட்டவர்கள், காதில் கடுக்கன் மாட்டியவர்கள். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்ட பையன்கள்தான் அப்போது வீட்டில் திட்டு வாங்கினார்கள், குலம் கெட்டது என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இன்று கிராப்பு வைத்த பேரன்கள் முடி வளர்த்தவரைக் காலி செய்யச் சொல்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. யார் தோளில் துண்டு போடலாம், யார் செருப்புப் போட்டுத் தெருவில் நடக்கலாம், யார் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டலாம் என்றெல்லாம் நம் ஊர்களில் தெருக்கள்தான் முடிவு செய்தன. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பல வருடம் அடி வாங்கினார்கள், 1859இல்தான் அரசு இறங்கி வந்தது. அன்று எதிர்த்தவர்களும் தங்களைக் கெட்டவர்களாக நினைக்கவில்லை. ஊர் வழக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார்கள். உங்கள் தெருவில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேருடைய தாத்தாவுக்கு இன்னொரு தெருவில் செருப்போடு நடக்க முடியாமல் இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கவலையே அதுதான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளை வந்து, "அந்த அண்ணன் ஏன்ப்பா ஜிமிக்கி போட்டிருக்கார்?" என்று கேட்கும். "அவருக்குப் பிடிச்சிருக்கு, போட்டிருக்கார்" என்றால் போதும். அடுத்த நிமிடம் அது விளையாடப் போய்விடும். ஜிமிக்கியைப் பார்த்து எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. ஆனால் அப்பாவும் அம்மாவும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவதையும் அது பார்க்கிறது. ஒரு தப்பும் செய்யாத ஒருவரைப் பலர் சேர்ந்தால் துரத்தலாம் என்பதை உங்களிடமிருந்தே படிக்கிறது. பள்ளிக்கூடத்தில் திக்கிப் பேசும் பையனிடம் அது இதைச் செய்துபார்க்கும்.

அப்புறம், அந்தத் தெருப் பிள்ளைகளிலேயே ஒன்று, எல்லாரையும்போல நாம் இல்லையோ என்று உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருக்கலாம். இதை யாரிடமும் சொல்லியிருக்காது. மாடி வீட்டுக்காரருக்கு என்ன நடக்கிறது என்று மற்ற எல்லாரையும்விட அதுதான் கூர்ந்து கவனிக்கும். அந்தப் பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் உங்களிடம் வந்து சொல்லலாமா, சொன்னால் வீட்டில் இடம் இருக்குமா என்பதை உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தான் அது முடிவு செய்யும். எனக்கு மனுவைவிட இந்தப் பிள்ளையைப் பற்றிய பயம்தான் அதிகம்.

பிரித்திகா யாஷினி சேலத்துக்காரர். திருநங்கை. காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு அவர் விண்ணப்பித்தபோது படிவத்தில் அவருக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. வழக்குப் போட்டார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017இல் தருமபுரி மாவட்டத்தில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார், நாட்டிலேயே முதல் திருநங்கை உதவி ஆய்வாளர். இன்று நம் ஊர்ப் பெண் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் தன் இயல்போடு வாழ்வதற்கு அவர் இந்த ஊரை விட்டுச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. பெருமைப்படுகிற நாம் அதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன் பாலின அடையாளத்தை உடையாலும் நடையாலும் காட்டுவது பேச்சுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று சொன்ன நல்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கின் தீர்ப்பில் இருக்கிறது. திருநர் என்பதற்காக ஒருவருக்கு வாடகை வீட்டை மறுக்கக் கூடாது என்கிறது 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் தெருவில் இருப்பவர் திருநரா, இல்லை இப்படி உடுத்தப் பிடித்தவரா, எனக்குத் தெரியாது. நீங்கள் போய்க் கேட்கவும் வேண்டாம். எதுவாக இருந்தாலும், தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் ஒருவரைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. வாடகைப் பாக்கி, உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, உரிமையாளருக்கே தேவைப்படுவது என்று போகிறது பட்டியல். எதிர் வீட்டுக்காரருக்கு உடை பிடிக்கவில்லை என்று ஒரு காரணம் அதில் கிடையாது.

நாகரிகமாகத்தான் சொல்கிறோம் என்கிறீர்கள். தெருவே ஒரு பக்கம், தனி ஆள் ஒருவர் மறுபக்கம். குரலைத் தாழ்த்திச் சொன்னாலும் அவருக்கு அது மிரட்டல்தான். நீங்கள் அனுப்பினால் அவர் எங்கே போவார்? இன்னொரு தெரு, இன்னொரு புரோக்கர், அதே கேள்விகள், இன்னும் கூடுதல் அட்வான்ஸ். அங்கேயும் இரண்டு மாதத்தில் ஒரு மனு வரும்.

மனுவைக் கிழித்துப் போடுங்கள். கையெழுத்துப் போட்டவர்களிடம், என் பெயரை எடுத்துவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சும்மா ஒதுங்கிக்கொண்டால் போதாது, வேறு யாராவது புதிதாக எழுதுவார்கள். வீட்டுக்காரருக்கும் இந்நேரம் நெருக்கடி இருக்கும். அந்த இளைஞர் இருப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். இதைச் சொல்ல உங்கள் வீடு ஒன்று முன்வந்தால், மனசில்லாமல் கையெழுத்துப் போட்ட இன்னும் இரண்டு வீடாவது பின்னால் வரும்.

அந்த மாடி வீட்டுக்காரரும் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும். தம்பி என்று கூப்பிடுவதா தங்கை என்று கூப்பிடுவதா, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வாடகை ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருந்தால் உடனே எழுத்தில் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுத்தில் இல்லையென்றால் அதையே காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்ல முடியும். வாடகையை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களை வெளியேற்றப் பார்த்தால் அது சட்டப்படி செல்லாது, வாடகைச் சட்டத்தின்படி அதற்கென்று உள்ள அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். வழி தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கிடைக்கும். அவர்கள் உங்களை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் அனுப்பிவைப்பார்கள்.